உயர்த்தப்பட்ட பழைய ஃபோர் வீல்: ஸ்டீயரிங் ஆடினால், அடியில் 'டக்' சத்தம் கேட்டால் முதலில் எங்கே பார்ப்பது?

கம்போங் மேடான், பழைய கிள்ளான் சாலை, பூச்சோங் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாலே தெரியும். இருபது வயதைத் தாண்டிய ஹைலக்ஸ், ஸ்டோர்ம், பழைய ரேஞ்சர், டிஎஃப்ஆர் எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் பல, கம்பெனியிலிருந்து வந்த உயரத்தில் இல்லை. யாரோ ஒருவர் லிஃப்ட் போட்டிருப்பார், பெரிய டயர் மாட்டியிருப்பார், ஆசை தீர்ந்ததும் விற்றிருப்பார்.

இப்போது அந்த வண்டி உங்கள் கையில். வெளியே பார்க்க கெத்துதான். ஆனால் நெடுஞ்சாலையில் 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்குகிறது. கியர் போட்டதும் அடியில் 'டக்' என்று ஒரு அடி. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் ஒருவர் "அலைன்மெண்ட்" என்கிறார், இன்னொருவர் "அப்சோர்பர் மாத்தணும்" என்கிறார், மூன்றாமவர் "லிஃப்ட் போட்ட வண்டி அப்படித்தான் இருக்கும்" என்று கையை விரிக்கிறார்.

உண்மையில் 'அப்படித்தான் இருக்கும்' என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு காரணம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஒரு வரிசையும் உண்டு. அந்த வரிசை தெரிந்தால் தேவையில்லாத பாகங்களை வாங்கிப் பணத்தை விடமாட்டீர்கள். அதைவிட முக்கியம், எந்த அறிகுறி சும்மா தொல்லை, எந்த அறிகுறி உயிருக்கு ஆபத்து என்பதும் புரிந்துவிடும்.

லிஃப்ட் போட்டால் அடியில் என்ன மாறுகிறது?

வண்டியின் பாடி மேலே போகிறது. சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் எக்சலும் தரையோடுதான் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் பாகங்கள், அதாவது ஸ்டீயரிங் ராடுகள், ப்ரொபெல்லர் ஷாஃப்ட், முன்பக்க டிரைவ் ஷாஃப்ட், பிரேக் ஹோஸ் ஆகியவை நீண்டோ சாய்ந்தோதான் அந்த இடைவெளியைச் சமாளிக்க வேண்டும்.

இவை எல்லாம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வேலை செய்யத்தான் வடிவமைக்கப்பட்டவை. கோணம் மாறினால் தேய்மானம் கூடும், அதிர்வு வரும், ஸ்டீயரிங்கின் குணமே மாறும். புது வண்டியில் இந்த மாற்றம் பெரிதாகத் தெரியாது. பழைய வண்டியில் புஷ், பால் ஜாயிண்ட், பேரிங் எல்லாம் ஏற்கெனவே பாதி தேய்ந்திருக்கும். லிஃப்ட் அந்தத் தேய்மானத்தை வெளியே கொண்டுவருகிறது.

முதலில், உங்கள் வண்டி எந்த வகை?

இது தெரியாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. முன்பக்கம் குனிந்து பாருங்கள்.

இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம் வரை ஒரே இரும்புக் குழாய் போல எக்சல் இருந்தால் அது 'சாலிட் எக்சல்'. பழைய இலை ஸ்பிரிங் ஹைலக்ஸ், லேண்ட் க்ரூசர் 70, சுஸுகி ஜிம்னி, கேமரன் மலையில் காய்கறி ஏற்றி இறக்கும் பழைய லேண்ட் ரோவர்கள் எல்லாம் இந்த வகை.

ஒவ்வொரு சக்கரமும் தனித்தனிக் கைகளில் தொங்கினால் அது தனித்தியங்கும் சஸ்பென்ஷன். இதிலும் இரண்டு உண்டு. மிட்சுபிஷி ஸ்டோர்ம், இசுஸு டிஎஃப்ஆர், பழைய ஃபோர்ட் ரேஞ்சர் போன்றவற்றில் முன்னால் சுருள் ஸ்பிரிங் இருக்காது. நீளமான 'டோர்ஷன் பார்' என்ற கம்பி முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்கும். 2004-இல் தாய்லாந்தில் அறிமுகமாகி நம் ஊரில் 'வீகோ' என்று பெயர் வாங்கிய ஹைலக்ஸில் சுருள் ஸ்பிரிங் இருக்கும்.

சாலிட் எக்சலில் வரும் பிரச்சினை வேறு, மற்றதில் வரும் பிரச்சினை வேறு. ஒரு நண்பரின் ஜிம்னிக்குப் பலித்த வைத்தியம் உங்கள் ஸ்டோர்முக்குப் பலிக்காது.

அடியில் போவதற்கு முன்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஜாக்கி ஸ்டாண்ட் கட்டாயம். தரை சமமாக இருக்க வேண்டும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். பல ஃபோர் வீல் வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். சிலவற்றில் அது ப்ரொபெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். அந்த வகையில் ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினாலே வண்டி உருளத் தொடங்கலாம்.

அடுத்து, காசு செலவில்லாத வேலை. நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்க்கவும். டயர் ஒரே அளவா, ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கவும். வீல் நட் எல்லாம் இறுக்கமா என்று ஒருமுறை சோதிக்கவும். 'ஸ்டீயரிங் கோளாறு' என்று வரும் வண்டிகளில் சில இங்கேயே குணமாகிவிடும்.

"ஸ்டீயரிங் லூஸா இருக்கு"

ஸ்டீயரிங்கை இரண்டு விரல் திருப்பினாலும் சக்கரம் அசையவில்லை என்றால் இடையில் எங்கோ தொய்வு இருக்கிறது. எங்கே என்று ஊகிக்க வேண்டாம், கண்ணாலேயே பார்க்கலாம்.

வண்டி தரையில் நிற்கட்டும். எஞ்சினை ஓடவிட்டு, கியரை நியூட்ரலில் (ஆட்டோ என்றால் பார்க்கில்) வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒரு நண்பரை உள்ளே உட்கார வையுங்கள். அவர் ஸ்டீயரிங்கைச் சின்னதாக இடம் வலம் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டீயரிங் கம்பியின் மூட்டு, ஸ்டீயரிங் பாக்ஸ், பிட்மேன் ஆர்ம், ஐட்லர் ஆர்ம், டை ராட் எண்ட் என்று வரிசையாகப் போங்கள். ஒரு பக்கம் அசைந்து, மறுபக்கம் தாமதமாக அசையும் மூட்டுதான் குற்றவாளி. விரலை மூட்டின் மேல் வைத்தால் அந்தத் தொய்வு 'டிக்' என்று கையில் தெரியும். நசுங்கும் இடத்தில் மட்டும் விரலை விடாதீர்கள்.

ஸ்டீயரிங் பாக்ஸே மொத்தமாக ஆடுகிறதா என்றும் கவனியுங்கள். சேஸியோடு அதைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கலாம். பெரிய டயர் மாட்டிய வண்டிகளில் அந்த இடத்தில் சேஸியே விரிசல் விட்டிருக்கலாம். விரிசல் கண்ணில் பட்டால் அந்த வண்டியை அன்றே நிறுத்திவிடுங்கள்.

பாக்ஸின் மேல் ஒரு சரிசெய்யும் ஸ்க்ரூ இருக்கும். "அதை ஒரு சுத்து டைட் பண்ணா சரியாயிடும்" என்று சிலர் சொல்வார்கள். மற்ற எல்லா மூட்டும் நல்லது என்று உறுதியான பிறகே அதைத் தொட வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் நேராகப் போகும் இடத்தில் ஸ்டீயரிங் இறுகும், உள்ளே கியரும் கெடும்.

தூக்கி வைத்து ஆட்டிப் பார்ப்பது எப்படி?

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். சக்கரத்தை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

3 மணி, 9 மணி இடத்தில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் சந்தேகம் டை ராட் பக்கம்.

12 மணி, 6 மணி இடத்தில் ஆட்டம் தெரிந்தால் அது வீல் பேரிங்காகவோ, பால் ஜாயிண்ட்டாகவோ, சாலிட் எக்சலில் கிங் பின் பேரிங்காகவோ இருக்கலாம். எது என்று பிரிக்க ஒரு வழி உண்டு. நண்பரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் வீல் பேரிங். ஆட்டம் அப்படியே இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின்.

இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் அலைன்மெண்ட்டுக்குக் காசு கொடுப்பது வீண். ஆடும் மூட்டை வைத்துக்கொண்டு அளந்த அளவு, கடை வாசலைத் தாண்டியதும் மாறிவிடும்.

"நேரா போகாம அலையுது"

மூட்டு எல்லாம் இறுக்கம். ஆனாலும் நெடுஞ்சாலையில் வண்டி நாய்க்குட்டி போல இடமும் வலமும் அலைகிறது. வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருவதில்லை. அப்படியென்றால் 'காஸ்டர்' கோணத்தைச் சந்தேகப்படுங்கள்.

பேரங்காடித் தள்ளுவண்டியின் முன்சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். அது தன் அச்சுக்குப் பின்னால் இழுபடுவதால்தான் தள்ளும் திசையில் தானாக நேராகிறது. வண்டியின் முன்சக்கரமும் அதே தத்துவத்தில்தான் நேராகிறது. அதற்காக ஸ்டீயரிங் திரும்பும் அச்சு சில டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். லிஃப்ட் போடும்போது அந்தச் சாய்வு குறைந்துவிடும்.

தீர்வு வகைக்கு வகை மாறும். இலை ஸ்பிரிங் வண்டியில் நீளமான ஷேக்கிள் போட்டு உயர்த்தியிருந்தால் எக்சல் முன்னோக்கிச் சுழன்றிருக்கும். ஸ்பிரிங்குக்கும் எக்சலுக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடு வைத்துச் சரிசெய்வார்கள். சுருள் ஸ்பிரிங் சாலிட் எக்சலில் துளை ஓரமாக அமைந்த காஸ்டர் புஷ் போடுவார்கள். தனித்தியங்கும் சஸ்பென்ஷனில் அலைன்மெண்ட் கடையிலேயே கொஞ்சம் சரிசெய்யலாம். வண்டி ரொம்ப உயரம் என்றால் அந்த வரம்பு போதாது, மேல் கையையே மாற்ற வேண்டி வரும்.

டோர்ஷன் பார் வண்டி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். போல்ட்டை முறுக்கினாலே முன்பக்கம் உயர்ந்துவிடும். கிட்டத்தட்ட செலவே இல்லை. அதனால்தான் பலர் அளவில்லாமல் முறுக்கிவிடுகிறார்கள். அப்போது சக்கரம் கீழே இறங்க இடமே இருக்காது. ஒவ்வொரு சின்ன மேட்டிலும் மேல் கை தன் தடுப்பு ரப்பரில் போய் இடிக்கும். வண்டி கல் மாதிரி ஓடும். கேம்பர், டோ எல்லாம் மாறி டயர் ஒரு ஓரமாகத் தேயும். இதற்குப் புது அப்சோர்பர் தீர்வல்ல. முறுக்கியதைக் கொஞ்சம் தளர்த்துவதுதான் தீர்வு.

"ஒரு பக்கமா இழுக்குது"

முதலில் காற்று. அடுத்து, முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள் (ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டிய டயர் என்றால் இது கூடாது). இழுக்கும் திசையும் மாறினால் கோளாறு டயரில். மாறாவிட்டால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டிச் சூட்டைப் பாருங்கள். ரிம்மைத் தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் நெருப்பாகச் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. அது அலைன்மெண்ட் கோளாறு அல்ல.

பிரேக் அடிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக், புஷ் இரண்டையும் பாருங்கள். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மட்டும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பினால் அது வேறு கதை. லிஃப்ட் காரணமாக டிராக் லிங்க் அதிகம் சாய்ந்திருக்கிறது. பன்ஹார்ட் ராட் உள்ள சாலிட் எக்சலில், பக்கவாட்டில் போகும் டிராக் லிங்க்கும் அந்த ராடும் முடிந்த அளவு ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு மற்றதை விட்டால் இந்தத் தொல்லை தீராது.

"குழியில விழுந்ததும் முன்பக்கமே குலுங்குது"

இதுதான் எல்லாவற்றிலும் பயங்கரமானது. சாலிட் எக்சல் வண்டிகளில் ஒரு குழியோ பாலத்தின் இணைப்போ பட்டதும் முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென்று இடம் வலம் அடிக்கத் தொடங்கும். ஸ்டீயரிங் கையில் நிற்காது. வேகம் குறையும்வரை நிற்கவும் நிற்காது. ஃபோர் வீல் உலகத்தில் இதற்கு 'டெத் வாபிள்' என்று பெயர்.

கூட்டரசு நெடுஞ்சாலையிலோ, கம்போங் மேடானை ஒட்டி ஓடும் என்.பி.இ-யிலோ இது வந்தால் என்ன செய்ய வேண்டும்? படக்கென்று பிரேக் அடிக்காதீர்கள். எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் உறுதியாகப் பிடியுங்கள். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேகம் தானாக இறங்கட்டும். ஹசார்ட் லைட் போட்டு ஓரம் கட்டுங்கள்.

பொதுவாக இதற்கு ஒரே காரணம் இருக்காது. கிங் பின் பேரிங், டை ராட் எண்ட், பன்ஹார்ட் ராட் புஷ், வீல் பேரிங் இவற்றில் இரண்டு மூன்று தளர்ந்து, கூடவே டயர் பேலன்ஸும் காஸ்டரும் கெட்டிருக்கும். ஒரு குழி அதைத் தூண்டிவிடுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. புது ஸ்டீயரிங் டேம்பர் போட்டால் குலுங்கல் அடங்கின மாதிரி இருக்கும். ஆனால் அது வலி மாத்திரை மாதிரிதான். அடியில் மூட்டு தேய்ந்துகொண்டே போகும். டேம்பர் மாற்றி 'சரியாயிடுச்சு' என்று விற்கப்படும் வண்டிகளும் உண்டு. வாங்கப் போகும்போது டேம்பர் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால் மற்ற மூட்டுகளை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

"குறிப்பிட்ட வேகத்துல அதிருது"

அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று தெரிய ஒரு சின்னப் பரிசோதனை. உதாரணமாக 80 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவது கியரில் போங்கள். அதே வேகத்தில் நான்காவதுக்கு மாற்றுங்கள். எஞ்சின் சுற்று கூடினாலும் அதிர்வு அப்படியே இருந்தால், அது சக்கரம் அல்லது ப்ரொபெல்லர் ஷாஃப்ட் பக்கம். எஞ்சின் சுற்றோடு சேர்ந்து அதிர்வும் மாறினால் எஞ்சின், கிளட்ச், மவுண்டிங் பக்கம்.

ஸ்டீயரிங்கில் அதிர்வு தெரிந்தால் பெரும்பாலும் முன் டயர். இருக்கைக்கு அடியிலும் தரையிலும் தெரிந்தால் பின் டயர் அல்லது ப்ரொபெல்லர் ஷாஃப்ட்.

ப்ரொபெல்லர் ஷாஃப்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவ மூட்டு இருக்கும். அந்த மூட்டு சாய்வாகச் சுழலும்போது வேகம் ஒரே சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் கூடிக் குறையும். மறுமுனை மூட்டும் அதே கோணத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று சமன்செய்துவிடும். லிஃப்ட் இந்தச் சமநிலையைக் குலைக்கிறது. அதனால்தான் உயர்த்திய வண்டியில் புது மூட்டு போட்ட பிறகும் அதிர்வு போகாமல் இருக்கிறது. எக்சலின் கோணத்தையும் சரிசெய்ய வேண்டும்.

நீளமான டபுள் கேப் வண்டிகள் பலவற்றில் ஷாஃப்ட் இரண்டு துண்டு. நடுவில் ஒரு ரப்பர் பேரிங் தாங்கும். வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, 10 முதல் 30 கிலோமீட்டருக்குள் மட்டும் 'உடுக்கை' மாதிரி நடுக்கம் வந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். ரப்பர் நல்லது என்றால் பேரிங்கைச் சற்றே கீழிறக்கும் துண்டு வைத்துக் கோணத்தைக் குறைப்பார்கள்.

ஷாஃப்டைக் கழற்றும் முன் இரு பக்கமும் பெயிண்டால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். வழுக்கும் பகுதியைப் பல் மாற்றி மாட்டிவிட்டால் இரு முனைகளின் காதுகளும் ஒரே நேரில் நிற்காது. முன்பு இல்லாத அதிர்வு புதிதாக முளைக்கும்.

முன்பக்கமா பின்பக்கமா என்று குழப்பமா? கையால் திருப்பும் லொக்கிங் ஹப் இருக்கும் வண்டியில் இரண்டு ஹப்பையும் ஃப்ரீயில் வைத்து, டூ-வீலில் ஓட்டிப் பாருங்கள். முன் ஷாஃப்ட் சுழலாது. அதிர்வு போய்விட்டால் தேட வேண்டிய இடம் முன்பக்கம்.

'டக்', 'டிக் டிக்', 'ஊஊ': எந்தச் சத்தம் எதைச் சொல்கிறது?

டிரைவிலிருந்து ரிவர்ஸ் மாற்றும்போதும், கிளட்ச் விடும்போதும் ஒரே ஒரு 'டக்' என்றால் சிலுவை மூட்டு, டிஃப்பின் உள்ளே பல் இடைவெளி, எக்சல் புஷ், இலை ஸ்பிரிங் யூ-போல்ட் இவற்றைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஷாஃப்டைக் கையால் முறுக்கினாலே மூட்டின் தொய்வு தெரியும்.

சிக்னலில் நின்றதும் ஒரு 'டக்', கிளம்பும்போது ஒரு 'டக்' என்றால் வழுக்கும் பகுதி காய்ந்திருக்கலாம். சில நேரம் க்ரீஸ் அடித்தாலே போய்விடும். செலவு மிகக் குறைவு. அதனால் முதலில் அதைச் செய்யுங்கள்.

ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாகப் போகும்போது 'டிக் டிக் டிக்' என்றால் முன் டிரைவ் ஷாஃப்டின் சிவி ஜாயிண்ட். தனித்தியங்கும் சஸ்பென்ஷனை அதிகம் உயர்த்தினால் இந்த ஜாயிண்ட் எப்போதும் கூர்மையான கோணத்தில் சுழலும். ரப்பர் உறை மடிப்பில் உரசிக் கிழியும், க்ரீஸ் வெளியேறும், மணல் உள்ளே போகும். மாதம் ஒருமுறை அந்த உறையைப் பார்ப்பது பெரிய செலவைத் தடுக்கும்.

மிதிக்கும்போது 'ஊஊ' என்று கூடி, விட்டதும் மாறும் சத்தம் டிஃப்பிலிருந்து வரலாம். இதில் கை வைக்கும் முன் ஆயில் அளவைப் பாருங்கள். மட் டெரைன் டயரும் இதே போல ஊளையிடும். வேறு டயர் போட்டு ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

"ஃபோர் வீல் போட்டா வண்டி இறுகுது"

பழைய பிக்கப் பலவற்றில் 'பார்ட் டைம்' ஃபோர் வீல்தான். அதைப் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். ஆனால் வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றில் டயர் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. அந்த இறுக்கம் முழுக்கக் கியர்களில் ஏறும். ஸ்டீயரிங் கனமாகும், வண்டி குதிக்கும், லீவர் டூ-வீலுக்குத் திரும்ப வராது.

வராவிட்டால் அடித்து இழுக்காதீர்கள். நேராகச் சில மீட்டர் பின்னால் போங்கள். இறுக்கம் விட்டதும் லீவர் தானாக வரும்.

எல்லா வண்டியும் அப்படி அல்ல. நடு டிஃப் உள்ள பஜேரோ, சூப்பர் செலக்ட் டிரைட்டன், டிஃபெண்டர் போன்றவற்றை அதன் லாக் போடாமல் தார் ரோட்டிலும் ஃபோர் வீலில் ஓட்டலாம். உங்கள் வண்டியில் எது என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஃபோர் வீல் போட்டும் முன்சக்கரம் இழுக்கவில்லையா? கையால் திருப்பும் ஹப் என்றால் இரண்டு பக்கமும் லாக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு மற்றதை மறப்பது சாதாரணமாக நடக்கும். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், வேக்யூம் மூலம் இயங்கும் மாடல்களில் முதலில் சின்ன ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். எஞ்சின் சூட்டில் பல வருடம் இருந்து வெடித்திருக்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஹாஃப் கட் கடைகளிலிருந்து டிஃப் வாங்கி மாட்டுவது வழக்கம். அதில் ஒரு பொறி உண்டு. முன் டிஃப்பும் பின் டிஃப்பும் ஒரே ரேஷியோவாக இருக்க வேண்டும். பின்னால் 4.10, முன்னால் வேறு எண் என்றால் டூ-வீலில் ஒன்றும் தெரியாது. ஃபோர் வீல் போட்டு நேராகப் போனாலே இறுகும், கடைசியில் ஏதாவது ஒன்று உடையும்.

வெள்ளத்தில் இறங்கிய வண்டியா?

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் சிக்கியபோது, உயரமான ஃபோர் வீல் வைத்திருந்த பலர் தாமாகவே உதவிக்குப் போனார்கள். நல்ல காரியம். ஆனால் ஆழமான தண்ணீரில் இறங்கிய வண்டிக்கும் அதன் பிறகு உதவி தேவை.

ஓடிச் சூடான டிஃப் திடீரெனக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் அடைத்திருந்தாலோ, தண்ணீருக்கு அடியில் இருந்தாலோ ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். ஆயில் தே தாரேக் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் பேரிங்கும் பல்லும் துருப்பிடிக்கும். முன் டிஃப், பின் டிஃப், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் நான்கையும் சோதியுங்கள். வீல் பேரிங் க்ரீஸையும் மறக்க வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம்: ஆயில் இறக்கும் முன், நிரப்பும் துளையின் மூடியை முதலில் திறந்து பாருங்கள். அது துருப்பிடித்துத் திறக்காவிட்டால் இருக்கிற ஆயிலையும் இறக்கிவிட்டு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். மூச்சுக்குழாயை எஞ்சின் அறை உயரத்துக்கு நீட்டி வைப்பது அடுத்த மழைக்கு நல்ல காப்பு.

பெரிய டயர்: மீட்டரும் பிரேக்கும்

265/70 ஆர்16 டயரின் உயரம் சுமார் 777 மில்லிமீட்டர். அதை எடுத்துவிட்டு 285/75 ஆர்16 போட்டால் சுமார் 834. ஏறக்குறைய 7 விழுக்காடு அதிகம். மீட்டர் 90 காட்டும்போது, முன்பு சரியாகக் காட்டிய மீட்டர் என்றால், நீங்கள் உண்மையில் 96-க்கு மேல் போகிறீர்கள். கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வேகக் கேமரா உங்கள் மீட்டரைப் பார்க்காது.

4.10 ரேஷியோ டிஃப் இப்போது 3.82 போல நடந்துகொள்ளும். வண்டி மந்தமாக இருக்கும், கிளட்ச் சீக்கிரம் தேயும், ஆட்டோ கியர் மேடேறும்போது எந்த கியர் என்று தடுமாறும். இதைப் பார்த்து "எஞ்சின் வீக்" என்று முடிவுகட்ட வேண்டாம்.

பலர் கவனிக்காதது பிரேக். பல பிக்கப் வண்டிகளில் பின் எக்சலோடு ஒரு கம்பியால் இணைந்த வால்வு இருக்கும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துச் சுமையைக் கணித்து, பின் பிரேக்குக்கு அழுத்தத்தைப் பங்கிடும். லிஃப்ட் போட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால் வண்டி எப்போதும் 'காலி' என்றே வால்வு நினைத்துக்கொள்ளும். சுமை ஏற்றினாலும் பின் பிரேக் குறைவாகவே பிடிக்கும். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1959-ஆம் ஆண்டு வாகனக் கட்டமைப்பு, பயன்பாட்டு விதிகளும் இங்கே பொருந்தும். வண்டியின் கட்டமைப்பை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே-யின் அனுமதி தேவை. பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனையின்போது அனுமதியில்லாத மாற்றங்கள் சிக்கலாகலாம். காப்புறுதி நிறுவனத்திடம் மாற்றத்தைச் சொல்லாமல் இருந்தால் விபத்துக்குப் பிறகு இழப்பீட்டில் தகராறு வரலாம். வாங்கும் முன்பே அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். "எல்லாரும் இப்படித்தான் ஓட்டுறாங்க" என்பது கடிதம் ஆகாது.

ஃபோர்மேனிடம் எப்படிச் சொல்வது?

"ஸ்டீயரிங் சரியில்ல அண்ணே" என்று மட்டும் சொன்னால் அவரும் ஊகிக்கத்தான் செய்வார். இதையெல்லாம் குறித்துக்கொண்டு போங்கள்:

- எந்த வேகத்தில் வருகிறது? மிதிக்கும்போதா, விடும்போதா, பிரேக்கிலா?
- நேராகப் போகும்போதா, வளைவிலா? இடமா, வலமா?
- டூ-வீலிலா, ஃபோர் வீலிலா?
- ஸ்டீயரிங்கில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா?
- கடைசியாக எதை மாற்றிய பிறகு தொடங்கியது?

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் காற்றும் டயரும். அடுத்து ஆடும் மூட்டுகள், பேரிங். பிறகு காஸ்டர், ஷாஃப்ட் கோணம். அலைன்மெண்ட் கடைசியில். டேம்பர் அதற்கும் பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் ஒரே வேலைக்கு இரண்டு முறை காசு கொடுக்க நேரிடும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எது தேய்ந்தது என்று கையில் பிடித்துப் பார்ப்பதுதான் அடுத்த கோளாறுக்கான பாடம்.

ஐந்து அறிகுறிகளில் ஏதாவது ஒன்று இருந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்: முன்பக்கக் குலுங்கல் மறுபடி வருவது, ஸ்டீயரிங் பாக்ஸ் இடத்தில் சேஸி விரிசல், கையால் ஆட்டினாலே தெரியும் பால் ஜாயிண்ட் தொய்வு, தொய்ந்து தொங்கும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் மூட்டு, கசியும் அல்லது இழுபடும் பிரேக் ஹோஸ். இழுவைக்குக் கொடுக்கும் பணம் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த ரோட்டில் உங்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு மோட்டார் சைக்கிளும் போய்க்கொண்டிருக்கும்.